முளைப்பாரிக்குள்ள காணாமப் போன படை

எங்க மாப்பிள்ளைகிட்ட ஒரு படையே இருக்குதுன்னு சொன்னா, கேக்குறவுக என்னைய ஒரு மாதிரியாத்தான் பாக்குறாக. நெசமாத்தான் சொல்றேன். குதிரை இருக்கு, பீரங்கி இருக்கு, கொடி பிடிக்கிறவன் இருக்கான், மேளம் அடிக்கிறவன் இருக்கான். எல்லாம் என் சுண்டுவெரல்ல பாதி ஒசரம். அம்புட்டுப் படையும் தேனியில எங்க வீட்டுப் பின்ரூம்புல, பழைய பிஸ்கெட் டப்பாவுல, பஞ்சுக்குள்ள படுத்துக் கெடக்கும். பஞ்சுன்னா கண்ட பஞ்சு இல்ல, போடி இலவம்பஞ்சு. என் தலகாணியப் பிரிச்சு எடுத்ததுதான். இப்ப என் தலகாணி சப்பையாப் போச்சு, சிப்பாயிக சொகமாத் தூங்குறாக.

எனக்கு எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. நான் பாட்டுக்குப் பேசுறேன், எம் மக செல்லுல பிடிக்கிறா. நடுவுல சிரிப்புச் சத்தம் கேட்டா அது அவதான்.

மாப்பிள்ளைக்கு ஏலக்கா யாவாரம். போடி, கம்பம், குமுளின்னு அலைவாக. அந்தப் பின்ரூம்பு முந்தி மூட்டை அடுக்கி வச்ச எடம். மூட்டையெல்லாம் கடைக்குப் போயிருச்சு, வாசம் மட்டும் செவுத்த விட்டுப் போகல. உள்ள போனாலே பாயாசம் குடிக்கணும்போல இருக்கும். அங்கன கட்டிலவிடப் பெருசா ஒரு மேசையப் போட்டு, ஞாயித்துக்கெழமையானா மாப்பிள்ளை சண்டைக்கு எறங்கிருவாக. மேசை மேல மலைய வைப்பாக, ஆத்த வைப்பாக, சிப்பாயிகள நிப்பாட்டுவாக, தாயத்த உருட்டுவாக, இஞ்சு டேப்ப வச்சு அளந்து அளந்து நகத்துவாக. எதிராளி யாருன்னு கேக்குறீகளா? அதுவும் அவுகதான். இந்தப் பக்கம் நின்னு ஒரு உருட்டு. சுத்தி வந்து அந்தப் பக்கம் நின்னு ஒரு உருட்டு. தோத்தாலும் அவுகதான், செயிச்சாலும் அவுகதான். ஆனா மொகத்தப் பாத்தா தோத்த மாதிரியே இருக்கும்.

எம் மகளுக்கு இதப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். அவ பிளவுஸு தைக்கிறவ. தையல் மிஷினு ஹால்ல, டிவிக்குக் கீழ. டிவி பாக்குறவுக மிஷின் சத்தம்னு கத்துவாக. அளவு குடுக்க வந்த பொம்பளைக டிவி சத்தம்னு கத்துவாக. அவளுக்கு அந்தப் பின்ரூம்பு மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. சன்னல் வெளிச்சம் அப்படி.

ஒருநா சாப்பாட்டு நேரத்துல, மாப்பிள்ளை வாயில சோறு இருக்கும்போதாப் பாத்துப் பேச்ச எடுத்தா.

"போன தடவ விளையாட ஆளு வருதுன்னீக. ஒத்த ஆளு வந்தாரு. கறிக்கொழம்பு நல்லாருக்குன்னுட்டுப் போயிட்டாரு. அதுக்கு எதுக்கு ஒரு ரூம்பு?"

"இன்னைக்கிருந்து மூணாவது ஞாயிறு நெறையப் பேரு வாராக" அப்படின்னாக மாப்பிள்ளை, சோத்த முழுங்கிட்டு.

"வரட்டும். வந்து விளையாடிட்டு, 'மறுபடி எப்ப'ன்னு ஒருத்தராவது அவுக வாயால கேக்கணும். கேட்டா ரூம்பு ஒங்களுக்கு. இல்லைன்னா மிஷினு உள்ள போகும், பீரங்கி பரணுக்குப் போகும்."

நான் பெசஞ்ச சோத்த அப்படியே வச்சுட்டேன். ஏன்னா அந்த ரூம்பு போனா எனக்கும்ல போச்சு! அதச் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

எங்க பக்கம் மாமியா, மாப்பிள்ளைக்கு முன்னாடி சேர்ல ஒக்காரமாட்டோம். நேருக்கு நேரா பேசவும் மாட்டோம். அவுக 'அத்தை'ன்னு என்கிட்ட நேராத்தான் பேசுவாக. நான் பதில மக வழியா அனுப்புவேன். மக இல்லைன்னா கதவுகிட்டச் சொல்லுவேன், அடுப்புகிட்டச் சொல்லுவேன், அவுக காதுல விழுந்துரும். நான் மக வீட்டோட வந்து தங்குன நாள்லருந்து இப்படித்தான் ஓடுது. அப்ப ஒருநா அந்த ரூம்பக் கூட்டையில வெளக்குமாத்துல என்னமோ மினுங்குச்சு. எடுத்துப் பாத்தா ஒரு கை. அரிசித் தண்டிகூட இல்ல, வெரலெல்லாம் இருக்கு! அடுப்படிக்குப் போயி மககிட்டச் சொன்னேன்.

"ஏத்தா, அவுக கை ஒண்ணு குப்பையில வந்துச்சு. போட்டுறவா, வேணுமான்னு கேளு."

அவ கரண்டியோட திரும்பி, "யாரு கை?"ன்னு அலறிட்டா.

மாப்பிள்ளை உள்ளயிருந்து ஓடியாந்து, "அய்யோ அத்தை, அத ஒரு மாசமாத் தேடுறேன்"னு ரெண்டு கையையும் ஏந்தி வாங்குனாக. கோயில்ல துன்னூறு வாங்குற மாதிரி. அம்புட்டுதான், எனக்கு அந்த ரூம்பு மேல ஆசை வந்துருச்சு. மறுநாளு அந்தக் கைய எப்படி ஒட்டுறாகன்னு கதவோரம் நின்னு பாத்தேன். அதுக்கு மறுநா ரூம்புக்குள்ள நின்னு பாத்தேன். அப்பறம் தரையில ஒரு மணப்பலகையப் போட்டு, அவுகளுக்கு முதுகக் காட்டி ஒக்காந்து, நானே ஒட்ட ஆரம்பிச்சேன். முதுகக் காட்டுனா மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, வெளிச்சத்துக்கு வெளிச்சமும் ஆச்சு.

ஒடைஞ்ச வாளுக்கு நான் ஈக்குச்சி வச்சேன். வெளக்குமாத்துல ஒண்ண உருவி, பிளேடால சீவி, நுனியக் கூராக்கி, சொட்டுப் பசையில ஒட்டி, வெள்ளிக் கலரு அடிச்சா வாளுதான். நாளாக நாளாக அந்தப் படையில பாதி வாளு என் வெளக்குமாறு. கூட்டத்தான் குச்சி கொறைஞ்சு போச்சு.

பெயிண்டு அடிக்கிறது இருக்கே, அது சும்மா பூசுறது இல்ல. மொதல்ல ஒடம்பு பூராக் கறுப்பு. அப்பறம் சட்டை, பெல்ட்டு, பூட்ஸு. அது காஞ்சதும் காப்பித் தண்ணி மாதிரி ஒரு பெயிண்ட மேல ஓட விடணும். சட்டை மடிப்புலயும் மூக்குக்குக் கீழயும் போயித் தங்கிக்கிரும், பொம்மைக்குத் திடீர்னு வயசு வந்த மாதிரி இருக்கும். கடைசியா பிரஷத் துணியில நல்லாத் தொடைச்சுட்டு, இருக்கா இல்லையாங்கிற பெயிண்ட வச்சு மேலாப்புல தடவணும். மேட்டுல மட்டும் ஒட்டும். தோசைக்கல்லுல எண்ணெயத் துணியால தடவுறோம்ல, அதே கைதான். டப்பாவுல என்ன எழுதியிருக்கோ எனக்கென்ன தெரியும். மூடிக் கலரப் பாத்து நானாப் பேரு வச்சுக்கிட்டேன். ஏலக்காத் தோலு, கருப்பட்டி, வெந்த சோளம், போஸ்டாபீஸ் செவப்பு. மாப்பிள்ளையும் இப்ப "அத்தை, அந்தக் கருப்பட்டிய எடுங்க"ன்னுதான் கேக்குறாக.

கண்ணு மட்டும் கடைசி. ராகுகாலத்துல கண்ணு தெறக்கமாட்டேன்னு செவுத்துகிட்டச் சொல்லிட்டேன். மாப்பிள்ளை பிரஷக் கையில பிடிச்சுக்கிட்டே காலண்டரப் பாத்துட்டு வருவாக.

சரி, அந்த ஞாயித்துக்கெழமைக்கு வாரேன். மாப்பிள்ளை மேசை மேல வைக்க ஒரு நாடு செஞ்சுக்கிட்டிருந்தாக. வெளிம்பு வச்ச நாலு பலகைத் தட்டு, சேத்து வச்சா ஒரே நாடு. தெர்மாகோல அறுத்து மலை, அது மேல செம்மண்ணு. பொட்டிப்புரத்துப் பக்கம் நின்னு பாத்தா மேற்க ஒரு மலை தெரியும்ல, அச்சு அசல் அது. நடுவுல நீலப் பெயிண்டுல ஆறு. இந்த ஓரம் ஈக்குச்சியில நான் கட்டுன திராட்சைப் பந்தலு. சிப்பாயிக்கு எதுக்குத் திராட்சைன்னு மக கேட்டா. ஏன், சண்டை போட்டா பசிக்காதா?

புல்லு மட்டும்தான் பாக்கி. புல்லுத் தூளுன்னு ஒண்ணு வெளியூருல ஆர்டர் போட்டாகளாம், பார்சலு வந்து சேரல. அந்த ஞாயித்துக்கு முந்துன பத்து நாளும் மாப்பிள்ளைக்குக் குமுளியில வேலை. கெளம்பையில வாசல்ல நின்னு, "அத்தை, தென்னநார்த் தூள்ல பச்சைச் சாயம் ஏத்தி ஒட்டிருங்களேன், போதும்"னாக.

"நான் பாத்துக்கிறேன், கவலைப்படாமப் போயிட்டு வரச் சொல்லு"ன்னு வாசநெலைகிட்டச் சொன்னேன்.

சாயம் ஏத்தித்தான் பாத்தேன். கிளிப்பச்சையில வந்துச்சு, பாக்கவே மருந்து மாதிரி. சே, இது ஒரு புல்லா? வாரவுக சிரிக்கமாட்டாக? ஒருத்தரும் 'மறுபடி எப்ப'ன்னு கேக்கமாட்டாக, ரூம்பு போயிரும். அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. நெசப் புல்லே போட்டா என்ன?

எங்க ஊரு அம்மன் பொங்கலுக்கு வருசா வருசம் முளைப்பாரி போட்ட கை இது. செம்மண்ணுல சாணித்தூளக் கலந்து தட்டு பூராவும் பரப்புனேன். ஆத்துக்கு மட்டும் வழி விட்டேன். தினையும் கேப்பையும் மட்டும் தூவுவோம், சின்னதா வரும்னுதான் நெனச்சேன். கை கேக்கல. பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சைன்னு அதுபாட்டுக்கு அள்ளிப் போட்டுருச்சு. போட்டு முடிச்சதும் வாய் சும்மா இருக்குமா? ஒரு கொலவையும் விட்டேன். மக ஹால்லருந்து, "என்ன ஆத்தா, ஊருல பொங்கலு சாட்டியிருக்காகளா?"ன்னு கத்துனா.

முளைப்பாரிய வெயில் படாம மூடி வைக்கணும், வேத்து ஆளு பாக்கக் கூடாது. சன்னலச் சாத்தி, கருப்புப் போர்வையத் தொங்க விட்டு, கதவப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். காலையிலயும் சாயந்தரமும் நான் மட்டும் போயித் தண்ணி தெளிப்பேன். மொத மொதல்ல முளை விட்டப்ப, அடடா, வெல்வெட்டு மாதிரி! அப்பவே போர்வைய எடுத்திருந்தா எல்லாம் சரியாயிருக்கும். ஆனா எங்களுக்கு முளைப்பாரின்னா ஒசந்து வளரணும். எம்புட்டு ஒசரமோ அம்புட்டு நல்லது. பாரி எடுக்கையில யாருது ஒசரம்னுதான பொம்பளைக பாப்போம்? அது வளர வளர எனக்குப் பெருமை தாங்கல. ஜாண் ஒசரம் வந்துச்சு. அதையும் தாண்டுச்சு. சிப்பாயிக நெனப்பே எனக்கு இல்லங்க!

சனிக்கெழமை சாயந்தரம் மாப்பிள்ளை வந்தாக. நானே சாவியக் குடுத்து, வெளக்கையும் போட்டேன்.

மலையக் காணோம். ஆறும் திராட்சைப் பந்தலும்கூட உள்ள போயிருச்சு. மேசை பூராவும் வெளுத்த பச்சையில தளதளன்னு பயிரு, கதவத் தெறந்த காத்துக்கு ஆடுது. மாப்பிள்ளை ஒரு சிப்பாய எடுத்து உள்ள வச்சாக. அவனையும் காணோம்.

"அத்தை, என் நாடு எங்க?"ன்னாக.

பின்னாடி நின்ன மக செவுத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா, சிரிக்கிறா, கண்ணுல தண்ணி ஊத்துது. அப்பறம் பாவமாப் போச்சு போல, "இருங்க, கத்தரிச்சு விட்டுருவோம், ஒண்ணும் ஆகல"ன்னு தையக்காரக் கத்தரியோட வந்தா.

நான் குறுக்க விழுந்தேன். "ஏண்டி, கொலவை போட்டு வெதைச்சதுடி!"

அவ கை அப்படியே நின்னுருச்சு. அவளும் பாரி தூக்குனவதான. கத்தரிய மாப்பிள்ளைகிட்ட நீட்டுனா. அவுக ஆத்தாவும் வருசம் தவறாம பாரி எடுக்குறவுக. அவுக கத்தரியப் பாத்தாக, பயிரப் பாத்தாக, வாங்கி அலமாரி மேல வச்சுட்டாக. "தண்ணியில கரைக்கிற வரைக்கும் கை வைக்கக் கூடாதுல்ல"ன்னு மெதுவாச் சொன்னாக. ஒரு கோவ வார்த்தை இல்ல. அன்னைக்கு நான் சரியாவே சாப்பிடல.

மறுநா காலையில மதுரையிலருந்து அண்ணந்தம்பி ரெண்டு பேரு வந்தாக. அவுக படை பூராப் பீரங்கி. பெரியகொளத்துல காலேஜுல வாத்தியாரா இருக்கிற பொம்பளப்பிள்ளை ஒண்ணு வந்துச்சு. கடைசியா குமுளிப் பக்கத்துலருந்து ஒரு மலையாளத்துக்காரரு, மலைப்பாதையில பஸ்ஸு நின்னுருச்சுன்னு வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. மக எல்லாருக்கும் காப்பி குடுத்துட்டு, இஞ்சு டேப்ப எடுத்துக்கிட்டு ரூம்போட சன்னல் ஓரத்த அளக்க ஆரம்பிச்சுட்டா. விருந்தாளிக முன்னாடியே! மிஷினு எங்கிட்டு வைக்கிறதுன்னு பாக்குறாளாம்.

மலையாளத்துக்காரரு மேசையப் பாத்ததும், "எந்தா அம்மச்சீ இது, காடாணல்லோ!"ன்னாரு. மதுரை அண்ணங்காரரு, "சார், இதுல எங்கன சார் சண்டை போடுறது?"ன்னாரு. மாப்பிள்ளை என்னைய விட்டுக் குடுக்கல. "இன்னைக்குக் காட்டுச் சண்டை. அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கோம்"னாக. நான் முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன்.

அந்த விளையாட்டுல ஒரு சட்டம் இருக்கு. சிப்பாயி கண்ணுக்கு எதிராளி தெரிஞ்சாத்தான் சுடலாம். மேசை மட்டத்துக்குக் குனிஞ்சு, சிப்பாயிக்குப் பின்னாடி கண்ண வச்சுப் பாக்கணும். புல்லுக்குள்ள என்ன தெரியும்? மதுரை அண்ணந்தம்பி ரெண்டு பேரும் பீரங்கிக்குப் பின்னாடி குனிஞ்சாக. தெரியல. செல்லுல லைட்டப் போட்டுப் பாத்தாக. மொச்சைதான் தெரியுது. கொஞ்ச நேரத்துல பாத்தா, வந்தவுக எல்லாரும் மேசையச் சுத்தி முட்டி போட்டு, பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு, தலைய உள்ள விட்டுத் தேடுறாக. தட்டுல வடையோட வந்த மக அப்படியே நின்னுட்டா.

"ஏன் சார், ஒங்க ஆளு எங்க சார் நிக்கிறான்?"ன்னாரு மதுரை அண்ணங்காரரு.

"அதச் சொல்லிட்டா அப்பறம் என்ன சண்டை?"ன்னாக மாப்பிள்ளை.

"சுடவே முடியலையே சார்! பீரங்கிய வச்சுக்கிட்டு நான் பயிருக்குக் காவலா நிக்கிறேன்!"

அந்த வாத்தியாரம்மா இருக்கே, அதுபாட்டுக்குத் தன் சிப்பாயிகள ஓரமா நகத்தி நகத்திக் கொண்டாந்து, திடீர்னு பயிர வெலக்கி, "இங்கன இருக்கேன்"னு பீரங்கிக்குப் பின்னாடியே எந்திரிச்சு நிக்குது. மதுரை அண்ணங்காரரு நெசமாவே பயந்துட்டாரு, வடைய நழுவ விட்டாரு. மாப்பிள்ளையோட வாள்காரங்க, என் ஈக்குச்சி வாளுதான், ஆத்துல எறங்கி மொத ஆளா மறுகரைக்குப் போயிட்டாக. அன்னைக்கு மாப்பிள்ளை செயிச்சிருக்கணும். ஆனா குதிரை மேல இருக்கிற தளபதிய எங்கன வச்சோம்னு அவுகளுக்கே தெரியல. தளபதி இல்லாமச் செயிச்சா செல்லாதாம். அடுத்து மறுகரை தொட்ட மலையாளத்துக்காரரு செயிச்சதா முடிவு பண்ணுனாக. மாப்பிள்ளை தோத்துட்டாக, மொகம் மட்டும் செயிச்ச மாதிரி இருந்துச்சு.

நான் வந்தவுக வாயவே பாத்துக்கிட்டிருக்கேன். வெத்தலை போட்டாக. கை கழுவுனாக. பொம்மைகளத் தேடி எடுத்துப் பெட்டியில அடுக்குனாக. ஒருத்தரும் கேக்கல. மக சன்னல் ஓரத்துல டேப்போட நிக்கிறா. செருப்பக்கூட மாட்டிட்டாக. வாசப்படியில அந்த மதுரை அண்ணங்காரரு, நாளு பூராவும் பொலம்புனவரு, திரும்பி நின்னு, "சார், மறுபடி எப்ப? இதே புல்லு வேணும் சார். இந்தத் தடவ நான் பீரங்கிய வீட்டுல விட்டுட்டு வாரேன்"னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கொலவை! அவரு ரெண்டாந்தடவையும் பயந்துட்டாரு.

கொலவை விட்டாச்சு, அப்பறம் பாரிய வீட்டுலயா வைக்கிறது? கரைச்சுருவோம்னு மாப்பிள்ளை ஏலக்கா ஏத்துற வண்டியக் கொண்டாந்தாக. நாலு தட்டையும் ஏத்திக் கொட்டகுடி ஆத்துக்குப் போனோம். வந்தவுகளும் வீட்டுக்குப் போகாமக் கூடவே வந்தாக. ரோட்டுலருந்து தண்ணி வரைக்கும் தலையில தூக்கணும்ல. மலையாளத்துக்காரரு துண்டச் சும்மாடு கட்டிக்கிட்டு ஒரு தட்டத் தூக்குனாரு, மலங்க மலங்க முழிச்சுக்கிட்டு. மாப்பிள்ளை ஒண்ணு, மதுரைத் தம்பி ஒண்ணு, அண்ணங்காரரு ஒண்ணு. தட்டு சாய்ஞ்சு சாணித்தண்ணி அவரு சட்டையில வழியுது, "பரவால்லம்மா, பரவால்லம்மா"ங்குறாரு. மகளும் நானும் கொலவை போட்டோம். தண்ணியில பயிர உலுப்பயில, வேர்க்கட்டுக்குள்ளருந்து டொப்புனு ஒண்ணு விழுந்துச்சு. குதிரையோட தளபதி! கழுத்தச் சுத்தி ஒரு வெள்ளை வேரு, மாலை போட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் மக சொன்னா, "சொன்னது சொன்னதுதான். ரூம்பு ஒங்களுக்கு." மாப்பிள்ளை தலைய ஆட்டுனாக. அவ போகல. "ஆனா, சன்னல் ஓரத்துல ஒரு மிஷினு போடுற எடம் சும்மாத்தான கெடக்கு? நான் அளந்துட்டேன்"னா. மாப்பிள்ளையே மேசைய ஒரு பக்கமும் என் மணப்பலகைய ஒரு பக்கமும் பிடிச்சு நகத்துனாக.

இப்ப அந்த ரூம்புல மூணு பேரு இருக்கோம். மேசையில மாப்பிள்ளை, தரையில நான், சன்னல்ல அவ. மிஷின் ஓடுனா ஒண்ணும் கேக்காது. போன வாரம் மாப்பிள்ளை அந்தத் தளபதிய எடுத்துக் குடுத்தாக. ஈரத்துல பெயிண்டு உரிஞ்சு போச்சு. வேரு மட்டும் காஞ்சு, கழுத்த விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கு. நான் நகத்தால கிள்ளப் போனேன்.

"வேர எடுக்காதீக அத்தை. அதோட சேத்தே பெயிண்டு அடிச்சிருங்க"ன்னாக.

என்ன கலருன்னு கேக்கணும். "ஏத்தா"ன்னு மகளக் கூப்பிட்டேன். அவ காதுல விழல, மிஷினு கடகடன்னு ஓடுது. "ஏய்த்தா"ன்னு இன்னொருக்காக் கூப்பிட்டேன். ஊகூம். கதவு தூரத்துல இருக்கு. செவுத்துகிட்டச் சொன்னாலும் இந்தச் சத்தத்துல செவுத்துக்கே கேக்காது. மாப்பிள்ளை பிரஷோட காத்துக்கிட்டிருக்காக.

மணப்பலகையில அரைச் சுத்துத் திரும்பி, அவுக மொகத்தப் பாத்துக் கேட்டேன். "வேருக்கு வெந்த சோளம் அடிக்கவா மாப்பிள்ளை, இல்ல கருப்பட்டியா?"